“நான் அப்படிச் சொல்லவே இல்லையே!”: சுருக்கெழுத்து வேலையில் நினைவைப் பற்றித் தெரிந்துகொண்டவை

கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து, பேசுவதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, பிறகு தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. வெகுகாலமாக இதே வேலைதான். இதில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. போன கூட்டத்தின் குறிப்பைச் சுற்றுக்கு விட்டதும் யாராவது ஒருவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொல்வார்: “நான் அப்படிச் சொல்லவே இல்லையே!”

பேச்சை மாற்றுகிறார் என்று பக்கத்தில் இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. ஒருமுறை அலுவலகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுவது பற்றிப் பேச்சு. அடுத்த கூட்டத்தில் மூத்த அதிகாரி ஒருவர், “ஒத்துக்கிட்டது உண்மை. ஆனா வண்டி நிறுத்த இடம் கிடைச்சாத்தான்னு சொன்னேனே, அது எங்கே?” என்றார். ஒலிப்பதிவைப் போட்டேன். அவர் குரலில் இருந்தது இவ்வளவுதான்: “எனக்கு ஆட்சேபம் இல்லை.” வண்டி நிறுத்தும் நிபந்தனை வந்தது, மேசையின் மறுகோடியில் இருந்த கணக்கு அதிகாரி அம்மாவிடமிருந்து, அதுவும் சில நிமிடம் கழித்து. அவர் சொன்னபோது இவர் பலமாகத் தலையாட்டினார், நான் பார்த்தேன். இரண்டாம் தடவை போடச் சொல்லிக் கேட்டார். அப்புறம் அவர் சொன்னது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை: “சரி, குரல் என்னுதுதான். ஆனா இப்பவும் எனக்கு நான் சொன்ன மாதிரிதான் சார் இருக்கு.”

சொன்ன விஷயம் அவர் மனதில் அப்படியே இருக்கிறது. யார் சொன்னது என்பது மட்டும் கழன்றுவிட்டது. செய்தியும் அது வந்த இடமும் மனதில் தனித்தனியாகத்தான் நிற்கின்றன என்றும், முதலில் உதிர்வது பெரும்பாலும் வந்த இடம்தான் என்றும் உளவியல் படித்தவர்கள் சொல்வார்கள். எங்கேயோ படித்ததை ‘நானே யோசித்தது’ என்று நம்புவதும், ஒருத்தரிடம் சொன்ன கதையை அவரிடமே மறுபடி சொல்வதும் இந்த வகைதான்.

நினைவைப் பற்றி நம்மில் பலருக்கு இருக்கும் எண்ணம், உள்ளே ஒரு ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருக்கிறது, நாடா தேய்ந்தால் மறதி என்பது. இந்த வேலையில் இருப்பவனுக்கு அது பொருந்தாது என்று சீக்கிரம் தெரிந்துவிடும். நினைவு எனக்குச் சுருக்கெழுத்து மாதிரிதான் தெரிகிறது. ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட முறையில் மெய்யொலிகளுக்குக் கோடு; உயிரொலிகளுக்குப் பக்கத்தில் புள்ளியும் சிறு கீற்றும். வேகம் பிடித்தவர்கள் புள்ளியும் கீற்றும் போடவே மாட்டார்கள், நேரம் இருக்காது. ‘பென்’ என்பதும் ‘பெயின்’ என்பதும் அப்போது ஒரே வடிவம். பேனாவா, வலியா என்று முன்பின் வாக்கியத்தை வைத்து, கேட்டது காதில் இருக்கும் சூட்டை வைத்து நாம்தான் நிரப்பிப் படிக்க வேண்டும். எடுத்த அன்றைக்கே படித்தால் சரளமாக வரும். ஒரு வாரம் ஆறப்போட்டால் நம் கையெழுத்தே நமக்கு முகம் கொடுக்காது. அப்போதும் படித்துவிடலாம், ஆனால் படிப்பதில் பாதி ஊகம். ஊகிக்கிறோம் என்ற உணர்வும் வராது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1932-இல் காட்டியதும் ஏறக்குறைய இதையே. வட அமெரிக்கப் பழங்குடிகளின் கதை ஒன்றைப் படிக்கக் கொடுத்து, இடைவெளி விட்டுவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். கதை ஒவ்வொரு தடவையும் சுருங்கியது. புரியாத இடங்கள் விழுந்துபோயின, அல்லது கேட்டவருக்குப் பழக்கமான ஒன்றாக மாறின. கதையில் வரும் படகு கொஞ்ச நாளில் அவர்களுக்குத் தெரிந்த வேறு படகு ஆகிவிடும். எலும்புக்கூடு மட்டும் மிஞ்சியது; தசையை ஒவ்வொருவரும் தன் கையிருப்பிலிருந்து வைத்துக்கொண்டார்கள்.

சரி, முதலிலிருந்து வருகிறேன். உள்ளே போகாதது வெளியே வராது.

சுருக்கெழுத்து எடுப்பவன் எப்போதும் பேசுகிறவருக்குச் சில சொற்கள் பின்னால்தான் ஓடுவான். கை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும்போது காது அடுத்ததை வாங்கி வைத்திருக்கும். நிமிடத்துக்கு 120 சொல் என்றால் நொடிக்கு இரண்டு. அந்தச் சில நொடிப் பிடிப்பைத்தான் செயல்நினைவு என்கிறார்கள். இதன் கொள்ளளவு மிகச் சிறியது. ஜார்ஜ் மில்லர் 1956-இல் ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதைச் சுமார் நான்காகக் குறைத்தார். ஏழோ நான்கோ, கணக்கு சொற்களில் இல்லை, பொட்டலங்களில். புதிதாகக் கற்றுக்கொள்கிறவனுக்கு ‘தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்’ என்பது நான்கு சொல். பழகியவனுக்கு ஒரே வீச்சு, ஒரே பொட்டலம். பழகியவனின் நினைவு பெரிதாகிவிடவில்லை. பொட்டலம் கட்டத் தெரிந்துகொண்டான், அவ்வளவுதான்.

இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது தோளைத் தொட்டு, “தண்ணி வேணுமா?” என்று கேட்டால் போச்சு. கையில் வைத்திருந்த ஐந்தாறு சொல் ஆவியாகிவிடும். எவ்வளவு நெற்றியைத் தேய்த்தாலும் வராது, ஏனென்றால் அது எங்கேயும் பதியவில்லை. பூட்டினோமா, அடுப்பை அணைத்தோமா, சாவியை எங்கே வைத்தோம் என்று நாம் தவிப்பதெல்லாம் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். கை வைத்தது, மனம் வேறெங்கோ இருந்தது. இதை மறதி என்று சொல்வதே கொஞ்சம் அநியாயம். 1979-இல் நிக்கர்சனும் ஆடம்ஸும் செய்த சோதனை இதற்கு நல்ல சாட்சி: அமெரிக்கர்கள் தினமும் கையாண்ட ஒரு சென்ட் நாணயத்தை வரையச் சொன்னார்கள். பெரும்பாலோரால் சரியாக வரைய முடியவில்லை. ஆயிரம் தடவை பார்த்திருக்கலாம், ஒரு தடவையும் கவனித்ததில்லை.

நான் இதற்குச் செய்வது மிக எளிது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது பூட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு, “செவ்வாய்க்கிழமை, குடை கையில, பூட்டியாச்சு” என்பேன். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்தக் கிழமையும் குடையும்தான் இன்றைய பூட்டலை நேற்றைய பூட்டலிலிருந்து பிரிக்கின்றன. ‘பூட்டியாச்சு’ என்று மட்டும் சொன்னால் நூறு நாள் சொன்னதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சாவி, கண்ணாடி, கைபேசிக்கு ஆளுக்கொரு நிரந்தர இடம். நினைவு வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் நினைவைச் செலவழிப்பானேன்?

எல்லா நினைவும் ஒரே கடைச் சரக்கு இல்லை என்பதும் இந்தத் தொழிலில் கண்கூடு. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்றுப் பல வருஷம் பேனாவையே தொடாமல் இருந்தார். ஒருநாள் பார்க்கப் போனபோது ஒரு தாளைக் கொடுத்துவிட்டு, மெதுவாகச் செய்தித்தாளைப் படித்தேன். முதல் வரி தடுமாறியது. இரண்டாவது பத்தியில் கை வழுக்கிக்கொண்டு ஓடியது. மெல்லிய கோடு, அழுத்தக் கோடு எல்லாம் பழைய மாதிரி. ஒரு இடத்தில் நிறுத்தி, “ஐயா, இந்த இடத்துல கொக்கியை ஏன் உள்பக்கமா வளைச்சீங்க? அதுக்கு என்ன விதி?” என்று கேட்டேன். யோசித்தார், வரவில்லை. கொஞ்சம் எரிச்சலோடு, “அதெல்லாம் கேக்காதேப்பா. கேட்டா கை நின்னுடும்” என்றார். அப்படியே கை நின்றும்விட்டது.

விதி ஒரு இடத்தில் இருக்கிறது, கை இன்னொரு இடத்தில். இதை உலகத்துக்குத் தெளிவாகக் காட்டியவர் ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர். கடுமையான வலிப்பு நோய்க்காக 1953-இல், 27 வயதில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவருடைய மூளையின் இருபக்கமும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை அகற்றினார். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் மனதில் தங்கவில்லை. சற்று முன் பேசிவிட்டு வெளியே போய் வந்தவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பேச்சு, புத்தி, சிறுவயது நினைவு எல்லாம் இருந்தன. பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்: கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நட்சத்திரம் ஒன்றின் ஓரத்தைப் பென்சிலால் தொடர்ந்து வரைய வேண்டும். முயன்று பார்த்தால் தெரியும், கை எதிர்ப்பக்கம் போகும். மூன்று நாளில் மொலேசன் நன்றாக வரையக் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு நாளும் அவரைப் பொறுத்தவரை அது முதல் நாள். 2008-இல் இறக்கும் வரை நினைவாற்றல் பற்றிய ஆராய்ச்சியில் அவர் அளவுக்கு உதவியவர்கள் குறைவு.

என் மாணவர்களிடம் இதிலிருந்து நான் சொல்வது: விதியை ஒப்பித்தால் தேர்வில் விதி எழுதலாம், வேகம் வராது. கைக்குத் தனியாகத்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். சைக்கிளுக்கும் இதேதான், வாத்தியத்துக்கும் இதேதான்.

இப்போது நிரப்பிப் படிக்கும் விஷயத்துக்குத் திரும்புகிறேன். இதில்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

வேலையிடம் ஒன்றில் ஏணி சரிந்து ஒருவருக்குக் கையில் அடி. பார்த்தவர்கள் நான்கு பேர். அவர்கள் சொல்வதை எழுதி எடுக்க என்னை அனுப்பினார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் நால்வரும் ஒரே குரலில், “ஏணியைக் கயிறு போட்டுக் கட்டாம ஏறிட்டாரு” என்றார்கள். சொற்கள்கூட மாறவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது; நான்கு பேர் தனியாகப் பார்த்ததை நான்கு விதமாகத்தானே சொல்ல வேண்டும்? “நீங்க அப்ப எங்கே நின்னீங்க, காட்டுங்க” என்று ஒவ்வொருவரையும் இடத்துக்கே கூட்டிப்போனேன். அவர்களில் ஒருவர் நின்ற இடத்திலிருந்து ஏணியின் அடிப்பக்கமே தெரியாது. சுவர் மறைக்கிறது. சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்திருக்கிறார். அவரே சுவரைப் பார்த்துத் திகைத்துவிட்டார். “ஆனா கயிறு இல்லாம இருந்தது கண்ணு முன்னாலயே நிக்குதுங்களே” என்றார். பெஞ்சில் கேட்டது கண்ணில் போய் உட்கார்ந்துவிட்டது. பொய் ஒரு சொல்லும் இல்லை.

கேள்வியே நினைவைத் திருத்தும். 1974-இல் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் கார் மோதல் காட்சிகளை மாணவர்களுக்குப் போட்டுக்காட்டினார்கள். ‘கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம் இருக்கும்?’ என்று கேட்டவர்களுக்குச் சராசரியாக மணிக்கு 34 மைல் என்று பதில் வந்தது. அதே கேள்வியில் ‘இடித்துக்கொண்ட’ என்பதற்குப் பதில் ‘மோதி நொறுங்கிய’ என்ற பொருள்படும் சொல்லைப் போட்டால் 40 மைலைத் தாண்டியது. இன்னொரு குழுவிடம் ஒரு வாரம் கழித்து, “உடைந்த கண்ணாடி பார்த்தீர்களா?” என்று கேட்டார்கள். காட்சியில் கண்ணாடி எதுவும் உடையவில்லை. ‘இடித்துக்கொண்ட’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள்; ‘நொறுங்கிய’ என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர்.

அதனால் யாரிடமாவது நடந்ததைக் கேட்க வேண்டி வந்தால், குழந்தையிடமானாலும் சரி, சண்டை போட்டுக்கொண்ட இருவரிடமானாலும் சரி, நான் இரண்டே கேள்வியில் நிற்பேன்: “என்ன நடந்துச்சு?” “அப்புறம்?” ‘அவன்தானே முதல்ல அடிச்சான்?’ என்று ஆரம்பித்தால் நீங்களே அவனை அடிக்கவைத்துவிடுவீர்கள். உங்களுக்கே ஏதாவது நடந்தால், அடுத்தவரிடம் பேசுவதற்கு முன்னால், எவ்வளவு மோசமான எழுத்தானாலும் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். தேதியும் நேரமும் போடுங்கள். நீங்கள் பார்த்தது ஒரு பக்கம், மற்றவர் சொன்னது வேறு பக்கம். பின்னால் இரண்டும் கலந்தால் பிரிக்க உங்களாலேயே முடியாது.

‘எனக்குத் துல்லியமா ஞாபகம் இருக்கு’ என்ற உறுதி எதற்கும் சாட்சியில்லை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர் தன் பல்கலைக்கழக மாணவர்களிடம், செய்தியை எங்கே, யாரிடமிருந்து, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிவைத்தார். சுமார் இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் மறுபடி கேட்டபோது, கால்வாசிப் பேர் சொன்னதில் ஒரு முக்கிய விவரம்கூடப் பழைய தாளோடு ஒத்துப்போகவில்லை. பலர் தாங்கள் சொல்வதில் அசையாத உறுதியோடு இருந்தார்கள். அவர்கள் கைப்பட எழுதியதைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பவில்லை. என் அதிகாரிக்கு ஒலிப்பதிவைப் போட்டுக்காட்டியபோது நடந்ததும் இதுதான்.

இன்னொரு வேடிக்கை, எங்கள் வீட்டு வழக்கு. சின்ன வயதில் நாய் துரத்தியது அக்காவையா என்னையா? இருவருக்கும் நாயின் நிறம் முதற்கொண்டு ஞாபகம். இருவரும் ஓடியிருக்கிறோம், இருவரும் அழுதிருக்கிறோம். நாய் ஒன்று, துரத்தியது ஒரு தடவை. தீர்ப்புச் சொல்லப் பெரியவர்கள் இல்லை. 2001-இல் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்றில், இப்படி ஒரே சம்பவத்தை இருவரும் ‘எனக்கு நடந்தது’ என்று உரிமை கொண்டாடுவது சகஜம் என்று வந்தபோது, அந்த வழக்கை நான் ஒத்திவைத்துவிட்டேன். அக்கா இன்னும் வைக்கவில்லை.

நினைவை எடுத்துப் பார்ப்பதே அதைத் தொட்டுக் கலைப்பதாக இருக்கலாம் என்பதற்கு எலிகளில் வலுவான ஆதாரம் உண்டு. 2000-இல் கரீம் நாடரும் உடனிருந்தவர்களும் செய்த சோதனை அது. ஒரு ஒலியைக் கேட்டாலே பயப்படப் பழகிய எலிக்கு, அந்த ஒலியைப் போட்டு நினைவூட்டிய உடனே, மூளையின் அமிக்டலா பகுதியில் புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினால் பயம் குலைந்துபோனது. நினைவூட்டாமல் அதே மருந்தைச் செலுத்தினால் பயம் அப்படியே இருந்தது. எடுத்த நினைவை மூளை மறுபடி பத்திரப்படுத்த வேண்டியிருக்கிறது என்று பொருள். மனிதரில் இது எந்த அளவுக்கு என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் ஓயவில்லை.

படிப்புக்கு வருவோம். மாலையில் சிலருக்குச் சுருக்கெழுத்து சொல்லித்தருகிறேன். வருகிற எல்லோரிடமும் இருக்கும் ஒரே பழக்கம், பாடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது. பார்க்கப் பார்க்கப் பழகிய முகமாகிவிடும். ‘தெரியும்’ என்ற தெம்பு வந்துவிடும். புத்தகத்தை மூடினால் கை நிற்கும். பார்த்தால் தெரிவது வேறு, பார்க்காமல் வருவது வேறு. ரோடிகரும் கார்பிகியும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் ஒரு பகுதியை ஒரு சாரார் இரண்டு தடவை படித்தார்கள். இன்னொரு சாரார் ஒரு தடவை படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் இரண்டு தடவை படித்தவர்களே முன்னால்: 81-க்கு 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால் கதை தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. நாளைக் காலைத் தேர்வுக்கு ராத்திரி முழுக்கப் புரட்டுவது ஏன் வேலை செய்வதுபோல் தோன்றுகிறது, அடுத்த மாதம் ஏன் ஒன்றுமே மிஞ்சுவதில்லை என்பது இந்த நான்கு எண்ணில் இருக்கிறது.

என் வகுப்பில் புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் ஆரம்பிப்போம். வராத குறிகளை மட்டும் தனித்தாளில் எழுதி, மறுநாள், மூன்று நாள் கழித்து, அடுத்த வாரம் என்று இடைவெளியை நீட்டிக்கொண்டே போவோம். கொஞ்சம் மறந்துபோன நேரத்தில் முக்கிமுனகி எடுத்தால்தான் அது ஊன்றும். மாணவர்களுக்கு இது பிடிக்காது. தடுமாறுவதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அவர்களுக்கு ஹெர்மன் எப்பிங்ஹவுஸைப் பற்றிச் சொல்வேன். ஜெர்மன்காரர், 1885-இல் வெளியான அவர் ஆராய்ச்சிக்கு அவரே சோதனை எலி. பொருளில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு, அதே வரிசையை மறுபடி கற்க எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று அளந்தார். 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 சதவீதம், ஒரு நாளில் சுமார் 34, ஒரு மாதத்தில் 21. முதல் நாளிலேயே கொட்டுவது கொட்டிவிடுகிறது, அப்புறம் சரிவு மெதுவாகிவிடுகிறது. மாணவர்களுக்கு நான் அழுத்திக் காட்டுவது அந்த 21-ஐ. ஒரு மாதம் தொடாமல் விட்ட, பொருளே இல்லாத அசைகளில்கூட உழைப்பில் ஐந்தில் ஒரு பங்கு வீண்போகவில்லை. ‘எல்லாம் மறந்துபோச்சு சார்’ என்று வருகிறவர்கள் முதல் முறையைவிட வேகமாக ஏறிவிடுவதை நானே பார்க்கிறேன்.

தூக்கத்தைப் பற்றி நீட்ட வேண்டாம். 1924-இலேயே ஜென்கின்ஸும் டாலன்பாக்கும், கற்றபின் தூங்கினால் விழித்திருப்பதைவிடக் குறைவாக மறக்கிறது என்று காட்டிவிட்டார்கள். பகலில் நடந்ததை மூளை தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்க்கிறது என்பது எலிகளின் ஹிப்போகாம்பஸில் பின்னால் பதிவானது. நான் தேர்வுக்கு முந்தின இரவு யாருக்கும் வகுப்பு எடுப்பதில்லை.

பெயர் மறப்பது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். முகம் தெரிகிறது, பார்த்த இடம் தெரிகிறது, முதல் எழுத்துக்கூட நாக்கு நுனியில் நிற்கிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது. பிரவுனும் மெக்நீலும் 1966-இல் இந்த நிலையை ஆராய்ந்தபோது, சொல் வராதவர்களுக்கு அதன் முதல் எழுத்தும் அசை எண்ணிக்கையும் அடிக்கடி சரியாகத் தெரிந்திருந்தன. ஆக, உள்ளே இருக்கிறது, கதவுதான் திறக்கவில்லை. பெயருக்கு இந்தக் கஷ்டம் அதிகம், ஏனென்றால் பெயர் எதோடும் ஒட்டுவதில்லை. ஒருவர் கணக்கர் என்றால் பேரேடு, எண், மேசை என்று பத்துக் கொக்கி மாட்டும். முருகேசன் என்றால் எதில் மாட்டுவது?

கூட்டத்தில் பத்துப் பதினைந்து புதுமுகங்கள் இருந்தால், முதல் நிமிடத்தில் நான் தாளின் மூலையில் மேசையை வரைந்து, யார் எங்கே என்று குறித்துவிடுவேன். பெயருக்குக் கீழே அவர் செய்யும் வேலை, அதற்கும் கீழே அவர் முதலில் பேசிய விஷயம். ‘ஜன்னலோரம், கொள்முதல், தாமதம்’ என்றால் அந்த மூன்று சொல்லும் சேர்ந்து பெயரை இழுத்து வந்துவிடும். வராவிட்டால் முட்டி மோதாமல் விட்டுவிடுவேன். தப்பான பெயர் ஒன்று வந்து வாசலில் குறுக்கே நிற்கும்; அது நகர்ந்ததும் தானாக வரும், பெரும்பாலும் அவர் போன பிறகு.

செய்ய வேண்டியதை மறப்பது வேறு சாதி. மாத்திரை, கடிதம், திரும்பக் கூப்பிடுவது. இதில் என்ன செய்ய வேண்டும் என்பது மறப்பதில்லை, சரியான நேரத்தில் ஞாபகம் வருவதில்லை. ‘மறக்காம செய்யணும்’ என்று மனதுக்குள் அழுத்தி அழுத்திச் சொல்லிக்கொள்வதால் பயனில்லை. பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டிய வழி எனக்கு நன்றாகப் பலிக்கிறது: ‘இது நடந்ததும் அது’ என்று கட்டிவைப்பது. விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பச் சொல்லப்பட்ட மாணவர்களில், எங்கே எப்போது எழுதுவேன் என்று முன்பே குறித்துக்கொண்டவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஏழு பேர் எழுதினார்கள். குறிக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்குதான். ‘இன்று அனுப்ப வேண்டும்’ என்று நான் எழுதுவதில்லை. ‘மதியம் நாற்காலியில் உட்கார்ந்ததும், கணினியைத் திறக்குமுன்’ என்று எழுதுவேன். நாற்காலிதான் எனக்கு ஞாபகப்படுத்த வேண்டும், என்னை நம்பி அதை விடுவதில்லை.

ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய், எதற்கு வந்தோம் என்று நிற்பதும் இதற்கு உறவுதான். வாசலைத் தாண்டினால் மறதி கூடுகிறது என்று கேப்ரியல் ரட்வான்ஸ்கி 2011-இல் சோதித்துச் சொன்னார்; எல்லா ஆய்வுகளிலும் அது ஒரே அளவில் தெரியவில்லை. எப்படியானாலும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய் நின்றால் பல தடவை ஞாபகம் வருகிறது.

கடைசியாக, எப்போது கவலைப்பட வேண்டும் என்பது. சாவியை வைத்த இடம் மறப்பது ஒன்று. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இது எதற்கு என்று விழிப்பது வேறு. பழகிய பாதையில் வழி தெரியாமல் போவது, பத்து நிமிடத்தில் அதே கேள்வியை மறுபடி கேட்பதும் முன்பு கேட்டது தெரியாமலே இருப்பதும், பணக் கணக்கு திடீரெனக் குழம்புவது, இவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் புதிதாகக் குழப்பமோ பேச்சுத் தடுமாற்றமோ வந்தால் அன்றே, உடனே.

என் மாமாவுக்கு இப்படி ஆரம்பித்தபோது அத்தை பயந்துவிட்டார். மருத்துவர் முதலில் கேட்டது, “எப்போதிலிருந்து?” மாமாவின் மகன், ரொம்ப நாளாகவே என்றார். மருமகள், போன மாதம் காய்ச்சலுக்குப் பிறகு என்றார். அத்தை, திடீரென்று என்றார். மூவரும் ஒரே வீடு. தொழில் புத்தி, அத்தை தொலைபேசியில் சொல்லும்போதெல்லாம் நான் தேதி போட்டுக் குறித்துவைத்திருந்தேன்: என்ன நடந்தது, காலையா மாலையா, அன்றைக்கு என்ன மாத்திரை சாப்பிட்டார். அதை நீட்டினேன். மருத்துவர் மாத்திரைப் பத்தியில் விரலை வைத்துக்கொண்டே கீழே போனார். குழப்பம் கூடிய நாட்களில் எல்லாம், முந்தின இரவு தூக்க மாத்திரையும் மூக்கு ஒழுகலுக்கான பழைய வகை ஒவ்வாமை மாத்திரையும் சேர்ந்திருந்தன. இரண்டாவதை யாரும் மருந்தாகவே கணக்கில் எடுக்கவில்லை. கடையில் கேட்டு வாங்கியது. வயதானவர்களுக்கு இந்த இரண்டு வகையுமே நினைவைக் கலக்கும் என்றார். இரத்தப் பரிசோதனையில் பி12 வைட்டமினும் குறைவாக இருந்தது. தைராய்டு, காது கேட்பது, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது எல்லாவற்றையும் பார்க்கச் சொன்னார். நினைவு குறைந்தால் உடனே பெரிய நோயின் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டாம், சரிசெய்யக்கூடியவற்றை முதலில் தேட வேண்டும் என்பது அவர் முறை. தூக்க மாத்திரையை நாமாகத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்பதையும் அழுத்திச் சொல்லி, அவரே படிப்படியாகக் குறைத்தார்.

சில மாதம் கழித்துச் செய்த நினைவுச் சோதனையில் மாமாவுக்கு முன்பைவிட நன்றாக வந்தது. முழுக்கச் சரியாகிவிட்டது என்று மருத்துவர் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார். வரும்போது குறிப்பு நோட்டும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளும், கடையில் கேட்டு வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவர வேண்டுமாம்.